சின்னான் செத்த இடம்

பால் கல்லின் நடுவில் விழுந்து, உடைந்த விளிம்பு வழியாக இறங்கி, கராஜின் சீமெந்துத் தரையில் தடம் பிடித்து, வாசலில் இருந்த கம்பிவலைக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நின்ற அத்தனை பேரும் கல்லைப் பார்த்தார்கள். சயந்தினி மட்டும் கம்பிவலையைப் பார்த்தாள். வலைக்குக் கீழே இருப்பது மழைநீர்க் குழாய். அதற்குள் விழுவதை யாரும் சுத்திகரிப்பதில்லை. நேரே ஓடைக்குப் போகும். நாலு குடம் பாலும் இரண்டு வாளி தயிரும் போய்ச் சேர்ந்தால் ஓடையில் மீன் மூச்சு முட்டி வயிற்றைக் காட்டி மிதக்கும். கைகூப்பி நின்ற எவருக்கும் அந்தக் கவலை இல்லை.

மழைநீர்க் குழாய்தான் சயந்தினியின் தொழில். நகரசபைகளுக்குக் குழாய் பார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் வேலை. சில்லு வைத்த சின்னக் கமராவை வீதிக்கு அடியில் இறக்கிவிட்டு, வான் வண்டிக்குள் இருந்து திரையில் பார்ப்பாள். எங்கே வெடிப்பு, எங்கே மரவேர் புகுந்திருக்கிறது, எவன் களவாக மலக்குழாயைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறான் என்று சொல்வாள். கமரா போகாத இடத்துக்கு இடுப்புவரை இறப்பர்க் காற்சட்டை மாட்டிக்கொண்டு அவளே போவாள். ஆஸ்பத்திரியில் கழிவறை கழுவிக்கொண்டு படித்துப் பெற்ற வேலை அது. அவளுக்குப் பிடித்த வேலையும்கூட. சிட்னித் தமிழர் கூடும் இடங்களில் அதற்குக் ‘கான் வேலை’, அதாவது சாக்கடை வேலை, என்று பெயர். பேசி முற்றாகியிருந்த ஒரு கல்யாணம் அந்தப் பெயரால் நின்றுபோனது. “பொம்பிளை என்ன செய்யிறா?” என்று கேட்ட மாப்பிள்ளையின் தாய், பதிலைக் கேட்டதும் கையிலிருந்த வடையை மேசையில் வைத்துவிட்டாள். பிறகு பஸ் ஓட்டுகிற சுஜீதன் வந்தான். “எனக்கொண்டும் மணக்கேல்லை” என்றான். அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை.

அன்றைக்கு அவளை அங்கே இழுத்து வந்தவனும் சுஜீதன்தான். வீடு நார்த்மீட்டில், கேதீஸ்வரனுடையது. ஓய்வுபெற்ற வங்கிக்காரர், அங்கத்தைய தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கடந்த மாரியில் அவருக்கு ஒரு கல் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அவருடைய கார் வீதியில் நிற்கிறது, கராஜ் கோயிலாகிவிட்டது. அவருடைய மனைவி யோகராணி வந்தவர்களுக்குக் கிளாஸில் தேத்தண்ணி கொடுத்தாள். சயந்தினிக்கு மட்டும் கடதாசிக் கோப்பை. “நீர் ரேக் அவே மாதிரிக் கொண்டு போகலாம்தானே,” என்று சிரித்தாள். அவள் கிளாஸ் தராததற்கு என்ன காரணம் என்று சயந்தினிக்குத் தெரியும். இந்த நாட்டில் நிறவெறி என்று மேடையில் கண்ணீர் விடும் வாய்களும் இதே வாய்கள்தான்.

கல் வட்டமாக, மூன்று பேர் கைகோர்த்துச் சுற்றி நிற்கும் அகலத்தில், செங்கல் அடுக்குகளின் மேல் கிடந்தது. நடுவில் சதுரத் துளை. ஒரு பக்க விளிம்பு உடைந்து மூக்கு மாதிரி நீண்டிருந்தது. துளைக்குள் ஒரு நீளக் கூழாங்கல்லை நிறுத்தி, விபூதி பூசியிருந்தார்கள். ஆவுடையாரும் லிங்கமும் ஆயிற்று.

“கனவில வந்து சொன்னவர்,” என்றார் கேதீஸ்வரன், கையில் ஒலிவாங்கியோடு. “மூண்டு அத்தி மரம், அதுக்குக் கீழ வெள்ளை மணல். அங்க கிடக்கிறன், வந்து எடு எண்டு. விடியப் போய்ப் பாத்தா, அப்பிடியே கிடக்கிறார்.”

பக்கத்தில் நின்ற கௌரிசங்கர் கைபேசியைக் கல்லின் மேல் நகர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, இணையத்தில் ஒரு வரலாற்றுச் சேனல் நடத்துகிறவர். “நேயர்களே, இந்தக் கோடுகளப் பாருங்க. மையத்துலேருந்து விளிம்புக்குப் போற மாதிரி வெட்டியிருக்காங்க. இது தாமரை இதழ். ஓரத்துல இருக்கிறது வட்டெழுத்து. அப்ப, சோழர் கப்பல் இந்தக் கரைக்கு வந்திருக்குன்னு வெள்ளைக்காரன் ஏன் சொல்லல? யோசிங்க.”

சயந்தினி குனிந்தாள். கோடுகள் இதழ் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் வெட்டிய பள்ளம். தானியத்தை நறுக்கி, மாவை வெளியே தள்ளுவதற்காக உளி பிடித்து வெட்டிய பள்ளம். ‘வட்டெழுத்து’ என்றது உளிக்கொத்து. அவள் பள்ளம் ஒன்றில் விரலை வைத்து விளிம்புவரை இழுத்துப் பார்த்தாள்.

“அங்கிள், இது திரிகைக் கல்லு.”

கேதீஸ்வரன் ஒலிவாங்கியை மூடினார். “என்ன பிள்ளை?”

“மா அரைக்கிற கல்லு. தண்ணி மில்லிலை இருந்தது.”

“திரிகை உவ்வளவு பெரிசோ? உம்மட வீட்டில ராட்சதரே மா அரைக்கிறவை?”

கூட்டம் சிரித்தது. சுஜீதனும் சிரித்தான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்தக் கல் அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். நார்த்மீட்டின் பின்பக்கமாக ஓடும் ஓடையில் பழைய காலத்தில் ஒரு தண்ணீர் மில் இருந்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த கைதிகளை வைத்து அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, ஒரு நிலச்சொந்தக்காரன் மரச் சக்கரம் சுற்றவிட்டுக் கோதுமை அரைத்தான். பிறகு கைதிகள் குறைந்தபோது இந்தியாவிலிருந்து கூலிகளை இறக்கினான். மில் எப்போதோ அழிந்துபோய், நின்ற இடமும் மறந்துபோனது. ஊர் வரலாற்றுச் சங்கத்தில் இதையெல்லாம் பெருமையாகப் பேசுவார்கள். மில்காரன் கட்டிய தேவாலயம், மில்காரன் நட்ட ஓக் மரம், மில்காரனின் பேத்தி வரைந்த பூ.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் இப்போது யாரும் வாசிக்கலாம் என்று இணையத்தில் கிடக்கின்றன. அதில் மில் பற்றிய செய்தி ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், முதல் பாதியை மட்டும். பெருமழையில் அணை தப்பியது பற்றிய பாதி அது. மற்றப் பாதியைச் சயந்தினி ஒரு சனிக்கிழமை குசினி மேசையில் இருந்து வாசித்தாள். சக்கரத்தில் சிக்கிய மரக்கிளையை எடுக்க இறங்கிய சின்னான் என்ற கூலி இழுபட்டு மாண்டான், அருகிலேயே புதைக்கப்பட்டான், சக்கரத்துக்குச் சேதமில்லை.

சக்கரத்துக்குச் சேதமில்லை. மரச்சாமானின் சுகத்தை விசாரித்து எழுதியவனுக்கு மனிதனின் ஊர் எது, வயது என்ன, யாருக்கு யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நகரசபை ஓடைக்கரையில் நடைபாதை போடுகிறது. மில் நின்ற இடத்தில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். வரலாற்றுச் சங்கத்தின் கிரஹாம், நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர், இடத்தைத் தேர்ந்துவிட்டார். மில்காரனின் பழைய பங்களாவுக்குக் கீழே, புல்வெளி, வாத்துகள், கேக் வெட்ட மேசை. அங்கே ஓடை படுத்துக்கிடக்கிறது என்று சயந்தினி மட்டமெடுத்துச் சொன்னாள். தண்ணீர் விழ உயரம் இல்லாத இடத்தில் சக்கரம் எதனால் சுற்றும்? கிரஹாம் புன்னகைத்தார். குடும்பத்தார் எப்போதும் அங்கேதான் என்று சொல்லி வந்திருக்கிறார்கள் என்றார். குடும்பத்தார் என்றால் மில்காரனின் குடும்பத்தார். சின்னானின் குடும்பத்தாரைக் கேட்க வழி இல்லை.

நகரசபையில் பழம்பொருட்களுக்குப் பொறுப்பான ஹெலன் நேர்மையாகப் பேசினாள். “மில்லைச் சேர்ந்த ஏதாவது ஒரு பொருளைக் காட்டு. அது கிடந்த இடத்தைக் கண்டெடுத்தவர் நேரில் வந்து காட்டட்டும். பலகையை மாற்றுகிறேன்.” அதற்காகத்தான் சயந்தினி வார இறுதிகளில் ஓடையில் இறங்கினாள். “கிழமை முழுக்கக் கான், சனி ஞாயிறும் கானோ?” என்று சுஜீதன் முனகுவான், பிறகு சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொடுப்பான். அவள் கேட்டது பெரிய விஷயம் இல்லை. செத்த இடத்தில் செத்தவன் பெயர். மில்காரனுக்கு ஓக் மரம் இருக்கிறது, தேவாலயம் இருக்கிறது, வீதி இருக்கிறது. சின்னானுக்கு ஒரு வரி.

அவள் ஓடையெல்லாம் தேடிய பொருள் கேதீஸ்வரனின் கராஜில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

யோகராணி வேலைக்குப் போன ஒரு காலையில் சயந்தினி தனியே போனாள். கேதீஸ்வரன் சந்தோஷமாகவே கதவைத் திறந்தார். ஆள் வந்து கும்பிட்டால் அவருக்குப் பிடிக்கும்.

“அங்கிள், கல்லுக்குக் கீழ்ப்பக்கம் பாக்கலாமோ?”

“சுவாமியைப் புரட்டுறதோ?”

“புரட்டேல்லை. கையை விட்டுத்தான் பாக்கிறன்.”

அவர் மறுப்பதற்குள் அவள் செங்கற்களுக்கு இடையால் கையைக் கொடுத்து, துளையின் அடிப்பக்கத்தைச் சுரண்டி எடுத்தாள். விரலில் சாம்பல் நிறத்தில், சவர்க்காரம் மாதிரி ஒரு கட்டி வந்தது. முகர்ந்தாள். மேலே சந்தனம், உள்ளே அவள் தினமும் சந்திக்கும் நாற்றம்.

“இது பொரிச்ச எண்ணெய்க் கொழுப்பு, அங்கிள். கடையில ஊத்திவிடுறது குழாய்க்குள்ள இறுகிக் கட்டியாகி வாறது. மணலிலையும் அத்தி மரத்திலையும் உது இருக்காது. இந்தப் பக்கத்தில கோழி பொரிக்கிற கடை ஒண்டுதான், அதுக்குப் பின்னால கானும் ஒண்டுதான்.”

கேதீஸ்வரன் கராஜ் கதவைக் கீழே இறக்கினார். அரை இருட்டில் அவர் குரல் இறங்கியது. “பிள்ளை, ஆருக்கும் சொல்லிப் போடாதையும்.”

பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கதையைச் சொன்னார். வீட்டில் பழைய சாமிப் படங்கள் சேர்ந்துவிட்டன. கலண்டர், கண்ணாடி உடைந்த லட்சுமி, கை முறிந்த பிள்ளையார். குப்பைத் தொட்டியில் போட முடியுமா? ஓடுகிற தண்ணியில்தான் விடவேண்டும். ஆனால் ஓடையில் குப்பை போட்டால் நகரசபை தண்டம் அடிக்கும். ஆகவே ஆள் நடமாட்டம் இல்லாத இடம் தேடினார். கோழிக்கடைக்குப் பின்னால், குழாய் வந்து ஓடையில் வாய் திறக்கிற இடத்தில் லட்சுமியைத் தண்ணியில் விட்டபோது, அவள் போய்த் தட்டி நின்றது ஒரு வட்டக் கல்லில்.

“நான் என்ன நினைக்கிறது, சொல்லும். அம்மாள் போய்த் தட்டி நிக்கிறா. கல்லுக்கு நடுவில துளை. ஆவுடையார் எண்டு ஆருக்கும் தெரியும். லெபனான் பெடியள் ரெண்டு பேர் தூக்கு வாகனத்தோட வந்து எடுத்துத் தந்தவங்கள், வளவில வைக்க எண்டு சொன்னனான். கான் வாய்க்குள்ள கிடந்தவர் எண்டு சொன்னா ஒரு சனம் வருமே?”

“கனவு?”

“கனவு பிறகு வந்தது.”

சயந்தினிக்குச் சிரிப்பு வந்தது. கொழுப்பு மணக்கும் கல்லை அவள் அருவருக்கவில்லை. குழாய் பொய் சொல்லாது. எண்ணெய் ஊற்றினால் எண்ணெய் வரும். இந்த மனிதர் உள்ளே ஒன்றை ஊற்றி வெளியே சந்தனத்தை வழியவிடுகிறார்.

“இடத்தைக் காட்டுங்கோ,” என்றாள். “இல்லாட்டி நான் கமராவோட ஒவ்வொரு வாயாப் போவன். உங்கட வீட்டு வாசலிலயும் பால் ஓடுற வலை ஒண்டு இருக்கு, அதுக்கும் நகரசபை தண்டம் அடிக்கும்.”

காட்டினார். ஞாயிறு காலை, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கரையிலே நின்று கையை நீட்டினார். அவள் இறங்கினாள். முழங்காலளவு கறுப்புத் தண்ணீர், பிளாஸ்டிக் கரண்டிகள், ஒரு குழந்தை நாப்பி, கொழுப்புக் கட்டிகள், பாதி முகம் கரைந்த பிள்ளையார் ஒருவர். குழாயின் சீமெந்து மேடைக்குக் கீழே கையால் தடவிக்கொண்டே போனாள். சீமெந்து முடிந்தது. அதற்கு அப்பால் விரலுக்குத் தட்டுப்பட்டது உளியால் செதுக்கி அடுக்கிய கருங்கல் சுவர். ஆள் உயரம், குறுகல், இருபக்கமும் நேர்கோடு. ஒரு கல்லில் துருப்பிடித்த இரும்பு முளை. மேலே பார்த்தாள். ஓடை அங்கே பாறையில் இறங்குகிறது. தண்ணீர் விழ உயரம் இருந்தது. சக்கரம் சுற்றிய குழிக்குள்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் குழியில் நின்றால் இரண்டு பக்கமும் தோள் கல்லில் முட்டும். சக்கரம் இருக்கிற இடத்தில் ஒரு மனிதனுக்கு ஒதுங்க இடமே இல்லை.

“பிள்ளை, முடிஞ்சுதோ? மணம் தாங்கேலாமல் கிடக்கு,” என்றார் கேதீஸ்வரன் மேலிருந்து.

“ஹெலனுக்கு முன்னால இதே மாதிரி வந்து கையை நீட்டிக் காட்டவேணும், அங்கிள்.”

“அது ஏலாது. உமக்குக் காட்டினது உமக்கு. சனத்துக்கு முன்னால நான் மூண்டு அத்தி மரம் எண்டு சொல்லிப் போட்டன்.”

சங்கக் கூட்டம் அதே கராஜில், அதே கல்லைச் சுற்றி. சயந்தினி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு சின்னானைப் பற்றிச் சொன்னாள். கல் எங்கே கிடந்தது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவர் கேதீஸ்வரன். அவருக்கு இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று நினைத்தாள். ஓடைக்கரைப் பலகையில் ஒரு வரி எழுதவேண்டும், சங்கமும் சேர்ந்து கேட்டால் நகரசபை கேட்கும் என்றாள்.

முதலில் வாய் திறந்தவர் இரத்தினசிங்கம், ஓய்வுபெற்ற டொக்டர். “சின்னான் எண்டா, என்ன ஆக்கள்?”

“செத்த ஆக்கள், டொக்டர்.”

“இல்லைப் பிள்ளை, விளங்காமல் கதைக்காதையும். பேர் ஒரு மாதிரிக் கிடக்கு. சின்னையா எண்டு போட்டா என்ன? கேக்கவும் நல்லாயிருக்கும்.”

“அவற்றை பேர் சின்னையா இல்லை.”

“கூலி எண்டும் போடக்கூடாது,” என்றாள் யோகராணி. “எங்கட பிள்ளையள் டொக்டர்மார், எஞ்சினியர்மார். வெள்ளைக்காரப் பிள்ளையள் வாசிச்சுப் போட்டு, உங்கட ஆக்கள் கூலியளோ எண்டு கேட்டா?”

“ஆமாக்கா,” என்றார் கௌரிசங்கர். “வணிகர்னு போடலாம். கல்லும் இருக்கு, ஆளும் இருக்காரு. சோழர் காலத்துலேருந்து தொடர்ச்சின்னு நாமளே நிறுவிடலாம். ஒரு அடிமைக் கத எதுக்கு?”

சுற்றி எல்லாத் தலையும் ஆடியது. சயந்தினி அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உயிரோடு இருந்தபோது வெள்ளைக்காரன் அவனைச் சக்கரத்துக்குள் இறக்கினான். செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு சொந்த மொழிக்காரன் அவன் பெயரைக் கழுவி, தொழிலைக் கழுவி, நல்ல சாதியில் சேர்த்து, சால்வை போட்டுப் படம் எடுக்கப் பார்க்கிறான். எதில் அழுக்கு அதிகம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கேதீஸ்வரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசப் போவதில்லை.

“கல்லு கோழிக்கடைக்குப் பின்னால கான் வாய்க்குள்ள கிடந்தது,” என்றாள். “அங்கிள்தான் எனக்குக் காட்டினவர். அந்தக் குழிக்குள்ளதான் சின்னான் அரைபட்டுச் செத்தது. பக்கத்திலதான் தாட்டவங்கள். நீங்கள் பால் ஊத்துறது அந்த மில்லுக் கல்லுக்கு. கீழ கையை விட்டுப் பாருங்கோ, கோழிக் கொழுப்பு வரும்.”

இரத்தினசிங்கம் வாயிலிருந்த சக்கரைப் பொங்கலைக் கடதாசியில் துப்பி மடித்தார். யோகராணி எழுந்து போய்க் குழாயில் வெகுநேரம் கைகழுவினாள். கௌரிசங்கர் கைபேசியைத் திறந்து எதையோ அழித்தார்.

“கானோ,” என்றது ஒரு குரல்.

“பிணம் கிடந்த இடத்துக் கல்லோ,” என்றது இன்னொன்று.

மனிதன் அரைபட்டான் என்பது அங்கே ஒருவரையும் தொடவில்லை. தீட்டு மட்டுமே தொட்டது.

சில நாள் கழித்து சுஜீதன் பஸ் ஓட்டிக்கொண்டு போகும்போது கேதீஸ்வரன் வீட்டு வாசலைக் கண்டான். நகரசபை பெரிய குப்பை எடுக்கும் கிழமை அது. ஒரு பழைய மெத்தை, கால் முறிந்த கதிரை, துருப்பிடித்த குளிரூட்டி, அவற்றோடு கல். விபூதிகூட முழுக்க அழியவில்லை. இடைவேளையில் அழைத்துச் சொன்னான். “உம்மட சுவாமி றோட்டில நிக்கிறார். லொறி வர முதல் வாரும்.”

சயந்தினி கம்பனியின் தூக்கு வாகனத்தோடு போனாள். கராஜுக்குள் ஐயர் ஒருவர் மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கல்லுக்கு விடைகொடுக்க யாரும் வரவில்லை, கல் இருந்த தரையைக் கழுவ மந்திரம் வந்திருந்தது. யன்னல் சீலைக்குப் பின்னால் கேதீஸ்வரனின் நிழல் தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை. கல்லை வாகனத்தில் ஏற்றிய பிறகு அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஒரு கையில் குங்குமம், ஒரு கையில் கொழுப்பு. இரண்டையும் ஒரே துணியில் துடைத்தாள்.

ஹெலன் வந்து குழியைப் பார்த்தாள், சுவரைப் படம் எடுத்தாள், நம்பினாள். ஆனாலும் கண்டெடுத்தவர் வரவேண்டும் என்றாள். அவர் வரமாட்டார் என்றாள் சயந்தினி. “அவருடைய பெயரும் பலகையில் வரும் என்று சொல்லிப் பார்,” என்றாள் ஹெலன்.

கேதீஸ்வரன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். மூக்கைப் பொத்தவில்லை. கரையில் நின்று, கையை நன்றாக நீட்டி, ஆங்கிலத்தில் விளக்கினார். தண்ணீருக்குள் நின்ற சயந்தினியிடம் தமிழில் சொன்னார்: “நான் கண்ட உடனயே யோசிச்சனான் பிள்ளை, இது ஹெரிற்றேஜ் சாமான் எண்டு. அதாலதானே பத்திரமாக் கொண்டுபோய் வச்சனான்.”

“ஓம் அங்கிள். குப்பையிலயும் பத்திரமா வச்சிருந்தனீங்கள்.”

கிரஹாம் இடத்தை ஒப்புக்கொண்டார், வாத்துகளை விட்டுவர மனம் இல்லாமல். சின்னானின் வரிதான் அவருக்கு இடறியது. “அது ஒரு விபத்து. குழந்தைகள் நடக்கும் பாதை. குடும்பத்தார் இன்னும் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம். இந்தியத் தொழிலாளரும் பணிபுரிந்தனர் என்று பொதுவாக எழுதலாமே.”

கேதீஸ்வரனும் தலையாட்டினார். “பொதுவா எண்டா நல்லம்.”

முதன்முறையாக இரண்டு சங்கங்களும் ஒத்துப்போயின. ஒருவருக்குச் சின்னான் கொலைச் சாட்சி, மற்றவருக்குக் குறைந்த சாதிச் சொந்தக்காரன். இருவருக்கும் அவன் பெயரில்லாமல் இருப்பதே வசதி.

சயந்தினி தண்ணீரிலிருந்து ஏறினாள். மட்டமெடுத்த கணக்கு, சுவரின் அளவு எல்லாம் அவளுடையவை, வார இறுதிகளில் சொந்த நேரத்தில் எடுத்தவை. நகரசபைக்கு இன்னும் கொடுக்கவில்லை. “பெயர் இல்லாவிட்டால் இடமும் இல்லை,” என்று ஹெலனிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். “புல்வெளியிலேயே வையுங்கள். சக்கரம் சுற்றவே முடியாத இடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள் என்று நான் எல்லோருக்கும் எழுதுவேன்.”

ஹெலன் கிரஹாமைப் பார்த்தாள். பிறகு சயந்தினியைப் பார்த்து, “பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்,” என்றாள்.

பலகை திறக்கிற நாள் வெயில். கல் சுத்தமாகக் கழுவி, குழிக்கு மேலே கரையில் கிடத்தப்பட்டிருந்தது. பலகையில் மில்காரன் பெயர் பெரிய எழுத்தில். கேதீஸ்வரன் பெயர் தகப்பனின் முதலெழுத்தோடு. கடைசி வரி: சக்கரத்தில் சிக்கிய கிளையை எடுக்க இறக்கப்பட்டு இங்கே இறந்த சின்னான், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலி. நகரசபைக்காரர் பேசினார், கிரஹாம் பேசினார். அந்த வரியை இருவரும் வாசிக்கவில்லை.

சங்கத்தார் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள், பட்டுச் சேலையில். பலகையில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது, தொலைக்காட்சிக்காரர் வரலாம் என்று செய்தி பரவியிருந்தது. கௌரிசங்கர் கைபேசியை நீட்டிய கையோடு கல்லின் அருகே நின்று நேரலையில் பேசிக்கொண்டிருந்தார்.

“நேயர்களே, இப்ப நாம நிக்கிறது ஆஸ்திரேலியாவோட முதல் தமிழ்த் தொழிலதிபர் சின்னான் அவங்களோட மில்லு. அந்தக் காலத்துலயே தண்ணீர் சக்தில மாவு மில்லு நடத்தியிருக்காரு நம்மாளு. நம்ம சேனல்தான் முதல்ல...”

யோகராணி கைபேசிக்குத் தெரியும்படி சிரித்தாள். இரத்தினசிங்கம், “பெரிய மனுசன்,” என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

முதலில் பெயரை மறைத்தார்கள். மறைக்க முடியாது என்றானதும், அவனைக் கொன்ற மில்லையே அவன் கையில் கொடுத்து அழகு பார்க்கிறார்கள். சயந்தினி நடந்து போய்க் கைபேசிக்கு முன்னால் நின்றாள்.

“அக்கா, லைவ் போய்ட்டிருக்கு.”

“போகட்டும் தம்பி, அசையாமல் பிடியும்.” அவள் கைபேசியின் கமராக் கண்ணைப் பார்த்துப் பேசினாள். “சின்னானுக்கு மில் இருக்கேல்லை. அவர் கூலி. கப்பலில கொண்டுவந்து இறக்கினவங்கள். கிளை சிக்கினவுடன அவரை இந்தக் குழிக்குள்ள விட்டவங்கள். விபத்து எண்டு சொல்லுவினம். நிண்ட சக்கரம் ஆளை இழுக்காது. தண்ணியை மறிச்சுச் சக்கரத்தை நிப்பாட்டாமல்தான் அவரை இறக்கினவங்கள், மா குறையக்கூடாது எண்டு.”

கிரஹாமுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். கேதீஸ்வரன் இரண்டு அடி பின்னுக்குப் போனார். கௌரிசங்கர் கையை மெதுவாகச் சாய்த்து, படத்தை ஓடையின் பக்கம், பூமரத்தின் பக்கம் கொண்டுபோனார்.

சயந்தினி சுற்றி வந்து, திரும்பவும் கைபேசியின் முன்னால் நின்றாள்.

“நான் இன்னும் முடிக்கேல்லை,” என்றாள். “இந்தப் பேரை மாத்தச் சொல்லிக் கேட்ட ஆக்களும் இஞ்சதான் நிக்கினம். அவையின்ரை பேரையும் சொல்லுறன், பிடியும்.”